பின்வாசலால போன பைட்ஸ்

"அடுப்படியில என்ன கதை இருக்கப்போகுது?"

போன மாசம் ஒரு சுவிஸ் ஐயா என்னைப் பாத்துக் கேட்டது. நல்ல மனுசன். மரியாதையானவர். சிரிச்சுக்கொண்டுதான் கேட்டவர், அதால நானும் சிரிச்சுப்போட்டு வந்திட்டன். வீட்டை வந்த பிறகுதான் எனக்கு ஏறினது. ராத்திரிச் சாப்பாட்டில மனிசி கேக்கிறா, "ஏனப்பா, கோழியோடயே கோவம்?" எண்டு. அந்தக் கடி கடிச்சிருக்கிறன் போல.

சரி, விசயத்துக்கு வாறன்.

பூம்ப்ளிஸில இருக்கிற, இருந்த பழைய பைட்ஸுகளைச் சுத்திக் காட்டி, ஒவ்வொண்டுக்கும் ஒரு கதை சொல்லிக்கொண்டு நடக்கிற ஒரு நடை. அதை நடத்தினவர்தான் அந்த ஐயா. மகள்தான் என்ரை பேரைக் குடுத்தவள். (பென்சன் எடுத்த அப்பாமாரை வீட்டை விட்டுக் கலைக்க இந்த நாட்டில எல்லா ஏற்பாடும் இருக்கு.) பத்துப் பதினைஞ்சு பேர், எல்லாம் தலை நரைச்ச சனம். கறுப்பு ஆள் நான் மட்டும்.

ஊரில இருந்து வாசிக்கிற ஆக்களுக்காகச் சொல்லுறன்: பைட்ஸ் எண்டா இஞ்சத்த ஊர்மனையளில இருக்கிற பழைய குடிக்கடை. சாப்பாடும் இருக்கும், சிலதில மேல படுக்க அறையும் இருக்கும். நிலத்தை முட்டுறமாதிரி இறங்கின கூரை, யன்னலுக்குக் கீழ சிவப்புப் பூச்சாடி, வாசலில இரும்பில செய்த தொங்குபலகை. உள்ள முழுக்கப் பலகைச் சுவர். அதுக்குள்ள ஒரு மேசை மட்டும் தனி. ஸ்டம்டிஷ் எண்டுவினம், நிரந்தர வாடிக்கைக்காரரின்ரை மேசை. வேற ஆரும் போய்க் குந்தினா முழுக்கடையும் திரும்பிப் பாக்கும். சில இடங்களில மேசைக்கு மேல ஒரு மணி தொங்கும். அடிச்சியளோ, மேசையில இருக்கிற எல்லாருக்கும் நீங்கள்தான் வாங்கிக் குடுக்கவேணும். (வடிவா இருக்கெண்டு ஆட்டிப்பாத்துப்போட்டு முழிச்ச பெடியள் எங்கட ஆக்களுக்கையும் இருக்கினம்.)

பூம்ப்ளிஸ் இப்ப பேர்ண் நகரத்துக்குள்ள. 7ஆம் நம்பர் டிராம் வீட்டு வாசலுக்கே வருது. ஆனா 1919ஆம் ஆண்டு வரைக்கும் இது தனி ஊர், தனிச் சபை. அதுக்குப் பிறகுதான் பேர்ணோட சேத்தவை. வேலையாக்கள் கனக்கக் குடியேறி, பள்ளிக்கூடமும் தண்ணியும் ரோட்டும் குடுக்கச் சபையிட்டக் காசில்லாமல் போச்சு, பேர்ண்காரர் யோசிச்சு யோசிச்சுத்தான் ஏத்துக்கொண்டவை. நூறு வருசம் தாண்டியிட்டுது. இப்பவும் இஞ்சத்தக் கிழடுகள் பேர்ணுக்குப் போறதெண்டா "நகரத்துக்குப் போட்டு வாறன்" எண்டுதான் சொல்லுவினம். டிராமில கால் மணித்தியாலம் கூட வராது.

ஊர் எண்ட எண்ணம் போகாததுக்கு இந்தப் பைட்ஸுகளும் ஒரு காரணம் எண்டார் அந்த ஐயா. உண்மைதான். பழைய ஊர்நடுவில ஸ்டேர்னன் இருக்கு. 'நட்சத்திரம்' எண்டு அர்த்தம். பக்கத்தில ஒரு மண்டபம், அதில நாடகம், பாட்டு, கூத்தெல்லாம் நடக்கும். பழைய சத்திரங்களுக்கு நட்சத்திரம், கிரீடம், மூண்டு ராசாக்கள் எண்டு பேர் வைக்கிறது வழிப்போக்கருக்குக் காவலான மூண்டு ராசாக்களின்ரை கதையால வந்தது எண்டு சொல்லுவினம். பூம்ப்ளிஸுக்குப் பக்கத்துக் குறிச்சிக்குப் பேர் என்ன தெரியுமோ? பெத்லெகேம்! நான் பகிடி விடேல்ல, தபால் விலாசத்திலயே அப்பிடித்தான். பெத்லெகேமுக்குப் பக்கத்தில நட்சத்திரம், அதுக்குள்ள பியர். ராசாக்கள் வந்திருந்தா அங்காலை நகந்திருக்கமாட்டினம்.

இன்னும் கொஞ்சம் மேற்கை போனா ஓபர்பொட்டிகன். அதுவும் பேர்ண் நகரம்தான், ஆனா மாடும் சோளமும்தான் கண்ணுக்குத் தெரியும். அங்கத்தப் பைட்ஸுக்குப் பேர் பேரன். (எங்கட பேரப்பிள்ளை இல்லை, கரடி. பேர்ண்காரருக்குக் கரடியில்லாமல் ஒண்டும் நடக்காது.)

இதுக்கெல்லாம் சட்டத்திட்டமும் இருந்திருக்கு. 1798க்கு முந்தி நினைச்ச ஆளெல்லாம் கடை திறக்கேலாது. உரிமை வேணும், அந்த உரிமை வீட்டோட ஒட்டினது. பெரிய உரிமை இருந்தாச் சுடுசாப்பாடும் படுக்கையும் குடுக்கலாம், சின்ன உரிமையெண்டா வைனும் பாணும் சீஸும்தான். பிறகு 19ஆம் நூற்றாண்டில கட்டு அவிழ, உருளைக்கிழங்குச் சாராயம் ஊர் ஊராய்ச் சனத்தைத் திண்டிருக்கு. யெரெமியாஸ் கொத்ஹெல்ஃப் எண்டு ஒரு பாதிரியார், பேர்ண் பக்கத்துப் பெரிய எழுத்தாளர், 1838இலயே ஐஞ்சு பொம்பிளைப்பிள்ளையள் சாராயத்தில அழிஞ்சதைப் பற்றி ஒரு புத்தகம் போட்டிருக்கிறார். கடைசியில 1885இல வாக்கெடுப்பு வைச்சு, ஒரு ஊருக்கு எத்தினை கடை தேவை எண்டு மாநிலம் தீர்மானிக்கலாம் எண்டு கொண்டுவந்தவை. 1887 சட்டத்தோட சாராயம் அரசாங்கத்தின்ரை கைக்குப் போச்சு.

அந்த ஐயா இதுகளை அவசரமாச் சொல்லி முடிச்சிட்டார். எனக்கும் அது சரியெண்டுதான் பட்டது. சட்டம் கேட்டா ஆருக்குத் தாகம் வரும்?

பேர்ணர் பிளாட்டெ கதைக்கு வரேக்கதான் ஆள் உருவேறினார்.

அது ஒரு சாப்பாட்டுத் தட்டு. தட்டெண்டு சொல்லப்படாது, தோணி. அவிச்ச மாட்டிறைச்சி, புகைபோட்ட பண்டி, கொழுப்பு, நாக்குச் சொசேஜ், புளிச்ச கோவா, காஞ்ச போஞ்சி, உருளைக்கிழங்கு. எல்லாம் ஒரே தட்டில. கதை என்னெண்டா, 1798 மார்ச் 5, நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சுப் படை பேர்ணைப் பிடிக்க வந்தது. பூம்ப்ளிஸுக்கு மேற்கை, நொயனெக்கில பேர்ண்காரர் அடிச்சுக் கலைச்சுப்போட்டினம். வெண்டு வந்த பெடியளுக்கு ஊர்ச்சனம் வீட்டில இருந்ததையெல்லாம் கொண்டுவந்து கொட்டி விருந்து வைச்சது, அதுதான் இந்தத் தட்டு.

கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அதே நாள் மற்றப் பக்கம், கிரவுஹோல்ஸில, பேர்ண் படை தோத்து, நகரமே சரணடைஞ்சிட்டுது. அங்க ராச்சியம் போச்சு, இஞ்ச கோவா அவிக்கினம். தோத்த சண்டையில வெண்ட பகுதியை மட்டும் எடுத்து அதுக்கொரு சாப்பாடும் கண்டுபிடிச்சு வைச்சிருக்கினம் பாருங்கோ. நான் இதை ஏளனமாச் சொல்லேல்ல. எங்கட ஆக்களும் இந்த விசயத்தில லேசுப்பட்ட ஆக்களில்லை.

அடுத்தது பாட்டு. பட்டென்ட் ஒக்ஸ்னர் எண்டு பேர்ண்காரரின்ரை பாட்டுக்குழு ஒண்டு. 90களில அவை பூம்ப்ளிஸைப் பற்றி ஒரு காதல் பாட்டுப் போட்டவை, 'வே. நுஸ்' எண்ட ஒரு பொம்பிளையைப் பற்றி. வாயால சொல்லிப் பாருங்கோ, வீனஸ் எண்டு விழும். அதுதான் சூட்சுமம். அப்பிடி ஒரு ஆள் இருந்தாவோ இல்லையோ, நான் வேலை செய்த கடையில ஸ்டம்டிஷில இருந்த ஒவ்வொரு கிழவனும் "எனக்கு அவளைத் தெரியும்" எண்டு சத்தியம் பண்ணினவங்கள். ஒருத்தருக்கு அவ வெதுப்பகத்தில வேலை செய்தவ, இன்னொருத்தருக்குப் பள்ளிக்கூடத்தில பக்கத்து வாங்கில். மூண்டாவது பியருக்குப் பிறகு ஒருத்தர் தன்ரை மனிசிதான் எண்டு நிண்டார். (அவ அண்டைக்கு அங்க இல்லை.)

அந்தக் கடைக்குத்தான் வரப்போறன். அதுக்கு முந்தி லோஸ்லி.

கார்ல் அல்பேர்ட் லோஸ்லி. 1904 தொடக்கம் 1959இல சாகும்வரைக்கும் பூம்ப்ளிஸில இருந்த எழுத்தாளர். 'பூம்ப்ளிஸ் தத்துவஞானி' எண்டு பேர். இந்த மனுசன் 1913இல ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்: கொத்ஹெல்ஃப் எழுதின புத்தகமெல்லாம் கொத்ஹெல்ஃப் எழுதேல்லயாம், ஒரு கமக்காரன்தான் எழுதினதாம்! சும்மா விட்டார். புழுகுதான். பேராசிரியர்மார் பழைய எழுத்தாளரின்ரை ஒவ்வொரு துண்டுக் கடுதாசியையும் தூக்கிவைச்சு ஆராயிறதை நக்கலடிக்க விட்ட புழுகு. ஆனா பத்திரிகையள் பத்தி எரிஞ்சுது, படிச்ச ஆக்கள் துள்ளிக் குதிச்சவை. "பகிடிக்குத்தான் சொன்னனான்" எண்டு அவர் சொன்னதுக்குப் பிறகு இன்னும் கூடக் கோவம். கன இடங்களில அவற்றை எழுத்துக்குக் கதவு சாத்தினது அதுக்குப் பிறகுதான்.

எங்கட ஐயா இதை நல்ல முசுப்பாத்தியாச் சொன்னார். எல்லாரும் சிரிச்சம்.

ஆனா லோஸ்லியின்ரை மற்றக் கதையை அவர் சொல்லேல்ல. லோஸ்லி தகப்பன் பேரில்லாமல் பிறந்த பிள்ளை. விடுதியளில அடிவாங்கி வளந்தவர். 1924இல அந்த விடுதி வாழ்க்கையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி நாட்டையே உலுக்கினவர். பேந்து சாகும்வரைக்கும் 'ஃபெர்டிங்' பிள்ளையளுக்காக எழுதிக்கொண்டே இருந்தவர். ஃபெர்டிங் எண்டா, ஏழைப் பிள்ளையளையும் தாய் தகப்பன் இல்லாத பிள்ளையளையும் சபை எடுத்துக் கமக்காரர் வீட்டில வேலைக்கு விட்டது. 19ஆம் நூற்றாண்டில அதை ஏலமாயே நடத்தியிருக்கினம். ஆனா தலைகீழ் ஏலம். பிள்ளையை வைச்சிருக்கச் சபை காசு குடுக்கும். ஆர் ஆகக் குறைச்சுக் கேக்கிறாரோ அவருக்குத்தான் பிள்ளை. ஊர்ச்சனம் கூடுற இடத்தில நடக்கிற ஏலம். ஊர்ச்சனம் எங்க கூடும்? சில ஊர்களில இதே மாதிரிப் பைட்ஸ் மண்டபத்துக்கதான்.

2013 ஏப்ரல் 11, பேர்ணில வைச்சு அமைச்சர் சிமொனெத்தா சொமாருகா அரசாங்கத்தின்ரை பேரில இதுக்கு மன்னிப்புக் கேட்டா. லோஸ்லி செத்து 54 வருசம்.

நான் இதைக் கேட்டன். பழைய பைட்ஸ் கதையெண்டா இதுவும் வரவேணுமே எண்டு. அவர் தலையாட்டினார், "ஓம், அது துக்கமான விசயம்" எண்டிட்டு மணியைப் பாத்தார். அடுத்த கடைக்கு நேரமாச்சாம்.

அடுத்த கடை என்ரை கடை.

பேர் சொல்லமாட்டன். இப்ப அதில கடையில்லை, பல்லு டொக்டர் இருக்கிறார். (ஸ்டம்டிஷ் இருந்த இடத்தில கதிரை போட்டு வாயைத் திறக்கச் சொல்லுறாங்கள். முந்தி அதில வாயை மூடச் சொல்லத்தான் ஆள் வேணும்.) வெளியில நிண்டு அந்த ஐயா சொல்லுறார்: "இந்தக் கடை ரொஸ்டி மாதிரி நான் பிறகு எங்கயும் சாப்பிடேல்ல. அந்த முதலாளியம்மாவின்ரை கைப்பக்குவம்."

எனக்குச் சிரிப்பை அடக்கேலாமல் போச்சு.

முதலாளியம்மா நல்லவ. ஆனா அவ அந்தக் காலத்தில ரொஸ்டிச் சட்டியைத் தொட்டதை நான் காணேல்ல. ரொஸ்டி போட்டது எங்கட அண்ணை. வடமராட்சியார். ஊரில அடுப்படிப் பக்கமே போகாத மனுசன்.

83 கலவரத்துக்குப் பிறகு நாங்கள் வந்து இறங்கேக்க இஞ்ச எங்களுக்குத் திறந்த கதவு அடுப்படிக் கதவுதான். ஆஸ்பத்திரித் துப்பரவு, ஹோட்டல் துப்பரவு, கோப்பை கழுவுறது. படிச்சவன், படியாதவன், ஊரில வாத்தியார், கச்சேரிக் கிளாக்கர், எல்லாரும் ஒரே தொட்டிக்கு முன்னால. முன்வாசல் வாடிக்கைக்காரருக்கு, எங்களுக்குக் குப்பை வாளியடியால ஒரு பின்வாசல். குளிரில அந்தக் கதவுப்பிடி கையோட ஒட்டும்.

அண்ணையும் கோப்பையிலதான் தொடங்கினவர். பிறகு கிழங்கு உரிக்க விட்டவை. ஒருநாள் சமையல்காரன் குடிச்சிட்டு வரேல்ல, சட்டி அண்ணையின்ரை கைக்கு வந்திட்டுது. அதுக்குப் பிறகு திருப்பிக் குடுக்கேல்ல.

ரொஸ்டி என்ன பெரிய விசயம், கிழங்குப் பொரியல்தானே எண்டு நினைப்பியள். இல்லைப் பாருங்கோ. கிழங்கைத் தோலோட முதல் நாளே அவிச்சு, ஆற வைச்சு, ராமுழுக்கக் குளிரில விடவேணும். உடன அவிச்சதைத் துருவினாக் களியாப் போகும். அடுத்த நாள் தோலுரிச்சுப் பெரிய கண் துருவலில துருவி, இரும்புச் சட்டியில பண்டிக் கொழுப்போ பட்டரோ விட்டு, உப்புப் போட்டு, முதல்ல கொஞ்சம் பிரட்டி, பிறகு அமத்தி வட்டமாக்கி, அதுக்குப் பிறகு தொடவேகூடாது. தொடாமல் இருக்கிறதுதான் கஷ்டம். எங்கட கை எந்த நேரமும் அகப்பையோட கிண்டிற கை. நான் போட்ட ரொஸ்டி எல்லாம் உதிர்ந்து புட்டாப் போச்சு. அண்ணை கையைக் கட்டிக்கொண்டு நிண்டு காதால கேப்பார். பொரியிற சத்தம் இறங்கி ஒரு மாதிரி இறுகும், அப்ப ஒரு கோப்பையைக் கவிழ்த்து மூடி, ஒரே திருப்பு. பொன்னிறம்.

எங்களுக்குப் போடுறதில பச்சைமிளகாயும் வெங்காயமும் கருவேப்பிலையும் இருக்கும். அது வெளியில போகாது.

ஒக்டோபரில பண்டி அடிச்சு விருந்து வைக்கிற காலம் ஒண்டு வரும். ரத்தச் சொசேஜ், ஈரல் சொசேஜ். வெளிநாட்டுப் பெடியள் பயப்பிடுவாங்கள் எண்டு நினைச்சுச் சமையல்காரன் எங்களுக்கு முன்னால ரத்தச் சட்டியைக் கொண்டுவந்து வைச்சுப்போட்டு மூஞ்சையைப் பாக்கிறான். அண்ணை எட்டிப்பாத்திட்டு, "தேங்காய்ப்பூ இல்லையோ?" எண்டார். ஆட்டு ரத்த வறை திண்டு வளந்தவனுக்கு என்ன பயம்?

இப்ப சீட்டுக் கதை. உண்மையில இதை எழுதத்தான் இவ்வளவு சுத்தினனான்.

எங்கட தொட்டிக்கு மேல ஒரு சின்ன யன்னல். சாப்பாடு வெளியில போற யன்னல். அதுக்குள்ளால நேர தெரியிறது ஸ்டம்டிஷ். மத்தியானச் சாப்பாட்டுச் சனம் கலைஞ்ச பிறகு நாலு கிழவர் பச்சைத் துணி விரிச்சு யஸ் விளையாடுவினம். சுவிஸ்காரரின்ரை தேசிய வியாதி. எனக்கு ஒண்டும் விளங்கேல்ல. ஒருத்தன் ஆசைப் போட்டான். மற்றவன் ஒன்பதாலை அடிச்சு எடுத்தான். ஒன்பதாலை ஆசை! அடுத்தவன் ஜாக்கை மேசையில ஓங்கி அறைஞ்சு எல்லாத்தையும் அள்ளினான்.

நான் கையில நுரையோட நிக்கிறன்.

"அண்ணை, இஞ்ச வாங்கோ. உவை விளையாடுறது எங்கட முந்நூற்றி நாலு!"

அண்ணை வந்து ஒரு சுற்று முழுக்கப் பாத்தார். "உவங்கள் எங்கட விளையாட்டை எப்ப களவெடுத்தவங்கள்?" எண்டார்.

முந்நூற்றி நாலு தெரியாத தமிழாக்களுக்கு: ஈழத்தில வீட்டுத் திண்ணை, செத்தவீடு, கோயில் மடம் எங்கயும் ஓடுற சீட்டு. ஜாக்தான் பெரிசு, 30. பிறகு ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, ராசா 3, ராணி 2. கூட்டி நாலால பெருக்குங்கோ, 304. யஸ்ஸில துரும்பு ஜாக் 20, துரும்பு ஒன்பது 14, ஆஸ் 11, பத்து 10. ராசாவும் ராணியும் இரண்டிலயும் பாவங்கள்.

களவு ஆரும் எடுக்கேல்ல. ரண்டு பேருக்கும் ஒரே இடத்தால வந்திருக்கவேணும். யஸ், ஒல்லாந்தரிட்டக் கூலிப்படையாப் போன சுவிஸ் பெடியள் திரும்பி வரேக்கக் கொண்டுவந்தது எண்டு சொல்லினம். சுவிஸில அதின்ரை முதல் எழுத்துப் பதிவு 1796, ஷாஃப்ஹவுசன் பக்கம். எங்கட பக்கம் பாத்தா, 1658இல யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடிச்சதும் ஒல்லாந்தர்தான். நாங்கள் சீட்டுக்குச் சொல்லுற ஆடுத்தன், உருவிதன், கலாவரை, ஸ்கோப்பன் நாலும் அவங்கள் விட்டிட்டுப் போன பேர்தான். இன்னும் ஒரு கூத்து: 1781இல நொஷத்தேல்காரர் ஒருத்தர், ஷார்ல் தானியேல் த மெரோன், ஒல்லாந்தக் கொம்பனிக்காக ஒரு சுவிஸ் கூலிப்படை சேர்த்தவர். அந்தப் படை இலங்கையில காவலுக்கு நிண்டது. நொஷத்தேல் பூம்ப்ளிஸில இருந்து ரெயிலில ஒரு மணித்தியாலத்துக்குள்ள. கொழும்பிலயும் காலியிலயும் அந்தப் பெடியள் பொழுதுபோகாமல் என்ன செய்திருப்பாங்கள் எண்டு நினைக்கிறியள்? நான் ஒண்டும் சொல்லேல்ல. யோசிச்சுப் பாருங்கோ எண்டுதான் சொல்லுறன்.

ஒருநாள் கிழவர் ஒருத்தருக்கு இடுப்பு முறிஞ்சு ஆஸ்பத்திரியில. மூண்டு பேர் துணியை விரிச்சுவைச்சுக்கொண்டு வாடிப்போய் இருக்கினம். முதலாளியம்மா யன்னலால தலையை நீட்டி, "உங்களில ஆருக்கும் சீட்டுத் தெரியுமோ?" எண்டா. அண்ணை ஏப்ரனைக் கூடக் கழட்டேல்ல. போய்க் குந்தியிட்டார்.

முதல் ஆட்டம் நாசம். முந்நூற்றி நாலில எல்லா இனத்திலயும் ஜாக்தான் பெரிசு. யஸ்ஸில துரும்பில மட்டும்தான், மற்ற இனத்து ஜாக்குக்கு வெறும் 2. அண்ணை நம்பிக்கையோட ஒரு ஜாக்கை இறக்க, எதிராளி ஆஸால எடுத்துக்கொண்டு போறான். அண்ணை அவனைப் பாத்த பார்வை! அதைவிட மோசம் அடுத்தது. யஸ்ஸில கையில அந்த இனம் இருக்கேக்கயே துரும்பால வெட்டலாம். எங்கட ஆட்டத்தில அப்பிடிச் செய்தா அது பச்சைக் கள்ளம், மேசை உடையும். அண்ணை எழும்பியிட்டார். தமிழில "கள்ளர்!" எண்டு கத்தினார். கிழவர் மூண்டு பேரும் பேர்ண் பாஷையில விளங்கப்படுத்தினம், நான் தொட்டியடியில நிண்டு தெரிஞ்ச டொச்சில மொழிபெயர்க்கிறன், எனக்கே சட்டம் தெரியாது. கடைசியில ஒரு கிழவர் சீட்டையெல்லாம் திறந்து விரிச்சுவைச்சு ஒவ்வொண்டாக் காட்டினார்.

கணக்கு எழுதுறது கரும்பலகையில, சோக்கால. முதல்ல ஒரு பெரிய இசட் எழுத்துக் கீறுவினம். மேல்கோட்டில நூறு நூறு, குறுக்குக் கோட்டில ஐம்பது, கீழ்க்கோட்டில இருபது இருபதாக் கோடு விழும். அண்ணைக்கு அந்தப் பலகையில சரியான விருப்பம். கணக்குப் பிழை விடமாட்டார். ஒரு சுற்றுக்கு 157 புள்ளி, மற்றவன் தன்ரையை எண்ண முந்தி இவர் ரண்டு பக்கத்தையும் சொல்லிப்போடுவார்.

இதில இருந்து அண்ணை ஸ்டம்டிஷ் ஆளாகியிட்டார் எண்டு எழுதினா வாசிக்க நல்லா இருக்கும். அப்பிடி நடக்கேல்ல. ஆள் குறைஞ்சாக் கூப்பிடுவினம். இடுப்பு முறிஞ்சவர் பொல்லோட திரும்பி வந்த அண்டைக்கு அண்ணை தானா எழும்பி உள்ள வந்திட்டார், ஆரும் "இரு" எண்டு சொல்லேல்ல. அது அவற்றை கதிரை. ஆனா எங்களை ஊருக்குத் திருப்பி அனுப்பிற பயம் இருந்த நாளில, இவர் எங்களுக்குத் தேவையான ஆள் எண்டு முதலாளியம்மா குடுத்த கடிதத்தில அந்தக் கிழவர் எல்லாரும் கையெழுத்து வைச்சவை. ரண்டும் நடந்தது. ரண்டையும்தான் சொல்லவேணும்.

இதில எங்கட ஆக்களும் பெரிய நேர்மையாக்கள் இல்லை. ஊரில கள்ளுத் தவறணை இருந்தது. கிடுகு வேலி, பிளா, பனங்கள்ளு, மரவள்ளிப் பொரியல். என்ன கதையெல்லாம் அதுக்க ஓடியிருக்கும்! ஒருத்தரும் எழுதி வைக்கேல்ல, ஏனெண்டா ஒருத்தரும் அங்க போகேல்லயாம். (ஊர் முழுக்கக் குடிச்சது, ஒருத்தரும் போகேல்ல.) மரத்தில ஏறிக் கள்ளிறக்கினவனைத் தேத்தண்ணிக் கடையில உள்ள இருத்தேல்ல, போத்திலிலயும் சிரட்டையிலயும் வெளியில வைச்சுக் குடுத்தவை. அதுக்கெதிராத்தான் 1966 ஒக்டோபர் 21 சுன்னாகத்தில இருந்து ஊர்வலம் வெளிக்கிட்டு அடிவாங்கினது. இஞ்ச பின்வாசலைப் பற்றிக் கத்தேக்க அங்கத்த வேலியையும் நான் நினைக்கத்தானே வேணும்.

சரி, அந்த ஐயாவிட்ட வாறன். ரொஸ்டியை ஆர் போட்டதெண்டு அண்டைக்கே சொன்னனான். அவருக்கு நல்ல ஆச்சரியம். "அப்பிடியோ!" எண்டார். ஒரு மனிசி கைகூடத் தட்டினா. நான் கேட்டன், "அப்ப இதையும் உங்கட கதையில சேக்கலாமே? அடுப்படிக் கதை கனக்க இருக்கு" எண்டு. அதுக்குத்தான் அந்தக் கேள்வி.

கட்டடம் ஆர் கட்டினது, எந்த வருசம், எந்தக் குதிரை எந்தத் தூணில கட்டினது எல்லாம் அவருக்குத் தெரியும். இருபது வருசம் தான் திண்ட கிழங்கை ஆர் துருவினது எண்டு ஒருக்காலும் யோசிக்கேல்ல. யன்னலால தட்டு வரும், அவ்வளவுதான். எங்களுக்கு அந்த யன்னலால எல்லாரையும் தெரிஞ்சிருந்தது. ஆருக்கு மனிசி விட்டிட்டுப் போனது, ஆர் மாட்டை வித்துக் கடன் கட்டினது, ஆர் சாப்பாட்டைத் தொடாமல் திருப்பி அனுப்பினது. மிச்சம் வாற தட்டைப் பாத்தே ஆள் சுகமில்லை எண்டு அண்ணை சொல்லுவார். முன்பக்கத்துக் கதையே எங்களிட்டத்தான் முழுசா இருக்கு!

இப்ப கடையள் குறைஞ்சுகொண்டு போகுது. 2009 ஜூலையில இருந்து பேர்ண் மாநிலத்தில கடைக்குள்ள சிகரெட் பத்தேலாது, அதோட ஸ்டம்டிஷில பாதி வாசலுக்கு வந்திட்டுது. மிச்சப் பாதி செத்துப்போச்சு. பிள்ளையளுக்குக் கடை வேண்டாம், பன்னிரண்டரை மட்டும் நிண்டு பூட்ட ஆருக்கு ஏலும்? விட்டிட்டுப் போற இடங்களை எங்கட ஆக்கள் எடுத்து நடத்தினம். கோப்பை கழுவினவை முதலாளியாகியிட்டினம், எனக்கு அதில பெரிய புழுகம்தான்.

ஆனா ஒரு முறைப்பாடு இருக்கு. பேர் சொல்லமாட்டன், தெரிஞ்ச பெடியன். பழைய பைட்ஸ் ஒண்டை எடுத்தான். கொத்துரொட்டியும் இருக்கு, ரொஸ்டியும் இருக்கு, ரண்டும் திறம். போய்ப் பாத்தா ஸ்டம்டிஷைத் தூக்கி எறிஞ்சுபோட்டு அதில கறுப்பு சோபா ரண்டும் டிவியும் போட்டிருக்கிறான். "ஏன்டா தம்பி?" எண்டன். "அங்கிள், நாலு கிழவர் ஒரு பியரோட பின்னேரம் முழுக்க இருந்தாங்கள், யாவாரம் ஓடாது" எண்டான்.

கணக்குச் சரிதான். அவன்ரை வாடகை அவனுக்குத் தெரியும்.

எண்டாலும் மேசையை எனக்குத் தந்திருக்கலாமே! கேட்டா, குப்பைக்குப் போட்டிட்டானாம். ஓக் பலகை, ரண்டு பேர் தூக்கேலாத மேசை. எங்கட வீட்டுக் கீழ்மாடியில இடம் கிடக்கு, அண்ணை இன்னும் பெத்லெகேமில இருக்கிறார், அவருக்கு யஸ்ஸும் தெரியும், முந்நூற்றி நாலும் தெரியும். மூண்டாவது ஆளும் இருக்கு. நாலாவதுக்கு அந்தச் சுவிஸ் ஐயாவைக் கேக்கலாம் எண்டு மனிசி சொல்லுறா. அவருக்கு ஆட்டம் தெரியுமோ தெரியாது, ஆனா ஜாக் எங்க பெரிசு எண்டதில அண்ணை இப்பவும் விட்டுக்குடுக்கமாட்டார், முன்னமே சொல்லிப்போட்டன்.